மாடிக்குப் போகும் காற்று

எழுபத்தொரு வயதில் ஓர்டெல் பிரெக்கே வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசியது நாளொன்றுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். மாலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்ததும், சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பார்த்ததை யாருமில்லாத அறைக்குச் சொல்வார்: "இன்னிக்கு மைனஸ் நாலு, நாரிஸ்." பிறகு, தானியக் கிடங்குக்காரர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் நாள்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் அந்த எண்ணை எழுதிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

நாரிஸ் அவருடைய தம்பி. ஆறு வயது இளையவர். அதே வீட்டின் மாடியில் வசித்தார். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், பீட் கிழங்கும் கோதுமையும் விளையும் அந்தத் தட்டை நிலத்தில், கல்யாணமாகாத சகோதரர்கள் ஒரே வீட்டில் கிழவர்களாவதை யாரும் விசேஷமாகப் பேசுவதில்லை. அவர்கள் பேசாமலிருந்தாலும் ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரெக்கே சகோதரர்களைப் பற்றிக் கேட்டால், "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஓர்டெல் அந்த வீட்டிலேயே பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. இரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தார். ஜெர்மனியில் லாரிகளுக்கு உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கும் அறையில் உட்கார்ந்து, எந்தத் திருகாணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று அட்டை எழுதினார். தகப்பனார் இறந்த தந்தி வந்ததும் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு வாரத்தில் ஏழு நாளும் காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் பால் கறப்பதுதான் வாழ்க்கை. முப்பத்திரண்டு பசுக்கள். இயந்திரங்களும் காகிதங்களும் ஓர்டெலின் பொறுப்பு; பசுக்கள் நாரிஸின் பொறுப்பு. தேவாலயத்து நிலவறையில் நடந்த மீன் விருந்தொன்றில், தட்டுக் கழுவும் தொட்டியருகே ஓர் ஆசிரியை ஓர்டெலின் பக்கத்தில் நின்று, அவர் கழுவிய தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு விருந்துக்கு அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். அவள் வேறொருவர் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய காதல் விவகாரம் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான்.

ஐம்பத்தொன்பது வயதில் அவருக்கு முழங்கால்கள் போயின. மறு ஆண்டு மார்ச் மாதம், மாலைக் கறவை முடிந்து தொழுவத்தைக் கூட்டும்போது, பசுக்களை விற்றுவிடலாமா என்று தம்பியிடம் கேட்டார். உனக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்கென்ன, உன் இஷ்டம் என்றார் நாரிஸ். மறுநாளும் கேட்டார். பரவாயில்லை, விற்றுக்கொள் என்றார் நாரிஸ். ஓர்டெல் லாரிக்காரரைக் கூப்பிட்டார். லாரி வந்த அன்று முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஏற்றிவிட்டது நாரிஸ்தான். அன்று மாலை அவர் தம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மறுநாள் காலை ஓர்டெல் ஏதோ கேட்டதற்குப் பதில் இல்லை. அதன் பிறகு எதற்குமே பதில் இல்லை.

ஏன் என்று ஓர்டெல் முறைப்படி யோசித்திருக்கிறார். லாரிக்காரன் ஒரு கிழப் பசுவைக் கழியால் குத்தினான், அதுவாக இருக்கலாம். சினையாயிருந்த கிடாரியையும் சேர்த்து விற்றோம், அதுவாகவும் இருக்கலாம். உதிரி பாகங்களின் அட்டைகளைப் புரட்டுவதுபோல் ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தார். எதுவும் பதினொரு ஆண்டுக்குப் போதவில்லை.

வீடு தானாகவே ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஓர்டெல் ஐந்தரைக்குச் சாப்பிட்டு ஆறேகாலுக்குத் தம் அறைக்குப் போவார்; ஆறரைக்கு நாரிஸ் இறங்கி வருவார். அவசியமான செய்திகள் மேசைமேல் இருந்த ஒரு சிறு காகிதக் கட்டின்மேல் எழுதப்பட்டன. பால் தீர்ந்தது. எண்ணெய் வண்டி செவ்வாய். குழாய் ஒழுகுகிறது. பதில் எப்போதும் ஒரே சொல்: சரி.

ஆனால் நாரிஸின் காலடி கேட்கும். அதுதான் ஓர்டெலுக்கு மிஞ்சியிருந்த உறவு. கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் பதினோர் அடி. ஜன்னலருகே ஒரு பலகை முனகும். அங்கே சிறிது நேரம் நிற்பார். இடிந்து கிடக்கும் தொழுவத்தைப் பார்ப்பார்போலும். பிறகு நாற்காலி இழுபடும். காலையில் கண்விழித்ததும் ஓர்டெல் அந்தப் பதினோர் அடியை எண்ணி முடித்த பிறகே படுக்கையை விட்டு எழுவார்.

போன ஜனவரியில் அதற்கும் ஆபத்து வந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொன்றாக இருந்த ஒரு நாள், நிலவறையிலிருந்த பழைய எண்ணெய் உலை நின்றுபோனது. தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. பக்கத்துப் பண்ணைக்காரர் இருவரையும் தம் பிக்கப் வண்டியில் ஏற்றி, தம் நாயை நடுவில் உட்காரவைத்து, ஊரிலிருந்த மோட்டலுக்குக் கொண்டுபோனார். இரண்டு அறைகள், மூன்று நாட்கள். அங்கே ஓர்டெலின் தலைக்குமேல் வெறும் கூரை. காலையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் எட்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. மாவட்ட நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இனி ஒரு முறை இப்படி நேர்ந்தால் நீங்கள் அந்த வீட்டில் இருக்க நான் சம்மதிக்க மாட்டேன், ஊருக்குள் முதியோர் குடியிருப்பில் இடம் இருக்கிறது என்றாள். வடக்குக் கட்டடத்தில் ஒன்று, தெற்குக் கட்டடத்தில் ஒன்று.

ஆகவே அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஒரு திட்டத்தை அறிவித்ததும் ஓர்டெல் முதல் ஆளாக எழுதிப் போட்டார். உலைக்கு மேலிருக்கும் பெரிய காற்றுக்குழாயில் ஒரு மின்சார ஹீட்டரைப் பொருத்துவார்கள். வீட்டைச் சூடாக்குவது அதுதான். ஊரெல்லாம் மின்சாரம் இழுக்கும் நேரத்தில் சங்கம் அதை நிறுத்திவைக்கும். அப்போது மட்டும் எண்ணெய் உலை எரியும். பழைய உலைக்கு வேலை பாதியாகும், குளிர்காலத்தைத் தாண்டிவிடும். நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை, சங்கத்தின் ஆள் வந்து பார்த்துச் சீட்டு ஒட்டுவார். அன்றைக்குள் சரியாக ஓடாத வீடுகளுக்கு அடுத்த ஆண்டுதான்.

ஓர்டெல் காகிதக் கட்டின்மேல் எழுதினார்: செவ்வாய் ஹீட்டர் வருகிறது. ஒரு மணி நேரம் மின்சாரம் இருக்காது. மறுநாள் அதன் கீழே இருந்தது: சரி.

ஹீட்டர் பொருத்த வந்தவர் வெர்லின் ஸ்டாட். ஐம்பது வயதிருக்கும், அந்த மாவட்டத்தில் அவர் குனிந்து நுழையாத நிலவறை கிடையாது. உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றும்போதே ஓர்டெல் காபி வேண்டுமா என்றார். ஐயோ வேண்டாம் என்றார் வெர்லின். போட்டுத்தான் இருக்கிறது என்றார் ஓர்டெல். எனக்காகச் சிரமப்பட வேண்டாம் என்றார் வெர்லின். ஒரு கோப்பை ஊற்றுகிறேனே என்றார் ஓர்டெல். அப்படியென்றால் அரைக் கோப்பை என்று வெர்லின் வாங்கி, ததும்பும் ஒரு கோப்பையைக் குடித்தார். அந்தப் பக்கத்தில் முதல் இரண்டு தடவை கேட்பது மரியாதைக்கு, மறுப்பதும் மரியாதைக்கு, பேச்சு தொடங்குவதே மூன்றாவதில்தான்.

நிலவறையில் வேலை மதியம்வரை நடந்தது. வெர்லின் உலைக்கு மேலே குழாயின் பக்கத்தில் தகரக் கத்திரியால் ஒரு சதுரம் வெட்டினார். உள்ளே கம்பிச் சுருள்கள் வரிசையாகத் தொங்கும் ஓர் இரும்புப் பெட்டியை அதற்குள் தள்ளி, சுற்றிலும் திருகாணி முடுக்கி, ஓரங்களை வெள்ளித் தாளால் ஒட்டினார். உலையின் விசிறிக்குப் புது மோட்டார் போட்டார். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கம்பியைச் சுவிட்ச் பெட்டியிலிருந்து இழுத்து வந்தார். ஓர்டெல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, எந்தத் திருகாணி எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

சுவிட்சைப் போட்டதும் விசிறி ஓடியது. சுருள்களில் சூடு ஏறியது. நான்காவது நிமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஹீட்டர் அணைந்துவிட்டது.

வெர்லின் குழாயில் குத்தியிருந்த இரண்டு வெப்பமானிகளைப் பார்த்தார். உலைக்குள் போகும் காற்றுக்கும் ஹீட்டரைத் தாண்டி வரும் காற்றுக்கும் ஐம்பது பாகைவரை வித்தியாசம் இருக்கலாம், ஆனால் தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. காற்று போதவில்லை என்றார். தூசி வடிகட்டியை மாற்றினார். விசிறியின் வேகத்தைக் கூட்டினார். மறுபடி போட்டார். இந்தத் தடவை ஐந்து நிமிடம். டக்.

பிறகு அவர் கூரையை ஒட்டிக் கிளை பிரிந்து போகும் குழாய்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே நடந்தார். மேற்குச் சுவரோரம் நின்றார்.

"இந்த ரெண்டு குழாய்லயும் உசிரே இல்ல. எங்க போகுது?"

"மாடிக்கு."

"காத்து திரும்பி வர்ற வழியும் அங்க ஒண்ணு இருக்கணுமே?"

"ஒண்ணு இருக்கு."

"நான் போன்ல கேட்டப்ப காத்து வந்து போற கிரில் மொத்தம் பத்துன்னு சொன்னீங்க."

"பத்துதான். அப்பா கட்டினப்பவே பத்து."

வெர்லின் கூரையைப் பார்த்தார். மேலே யார் இருக்கிறார் என்பது மாவட்டத்துக்கே தெரியும். அந்த மூன்று கிரில்களையும் மேலே யாரோ அடைத்துவைத்திருக்கிறார்கள், எண்ணெய் உலை போன வருஷம் நின்றதற்குக்கூட அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த 'யாரோ'வை மரியாதையாக அழுத்தாமல் சொன்னார். எண்ணெய் உலை குறைந்த காற்றைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். மின்சாரச் சுருள் பொறுக்காது. மேலே காற்று ஓடாவிட்டால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அணைத்துக்கொள்ளாவிட்டால் அதைவிட மோசம்.

"சின்ன ஹீட்டரா போட்டுட்டா?" என்றார் ஓர்டெல்.

"போடலாம். ஜனவரில நீங்க ரெண்டு பேரும் அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காரணும்."

ஓர்டெல் சிரிக்கவில்லை. மாடி ஏறிக் கேளுங்கள் என்றார் வெர்லின்.

"நீ கேளேன்."

"நான் ஹீட்டர் போடுற ஆளு, ஓர்டெல். பாதிரியார் இல்ல."

ஓர்டெல் சமையலறைக்குப் போய்க் காகிதக் கட்டை எடுத்தார். மாடியில் உள்ள மூன்று கிரில்களையும் திறக்கவும். ஹீட்டருக்குக் காற்று வேண்டும். எழுதி, பென்சிலை அதன்மேல் நேராக வைத்தார். பின்னாலேயே வந்த வெர்லின் அதைப் படித்துவிட்டு, இதை அவர் எத்தனை மணிக்குப் பார்ப்பார் என்று கேட்டார். ஆறரைக்கு என்றார் ஓர்டெல். தாம் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் வேறு நாள் இல்லை என்றும் வெர்லின் வருத்தத்தோடு சொன்னார். அப்போது மணி மூன்று அடித்துப் பத்து நிமிடம்.

மாடிப்படிகள் பதினான்கு. அதில் நாரிஸ் இறங்குவதை ஓர்டெல் தினமும் தம் அறையிலிருந்து கேட்டிருக்கிறார். தாம் அதில் கால் வைத்துப் பதினொரு ஆண்டாகிறது. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். கதவைத் தட்டினார்.

கதவு ஒரு சாண் திறந்தது. முற்றத்தில், சாலையில், தபால் பெட்டியருகே தம்பியைத் தூரத்தில் பார்ப்பது உண்டு. இவ்வளவு அருகில் பார்க்கும்போது புருவம் வெளுத்திருந்தது தெரிந்தது.

"நாரிஸ். கீழ ஹீட்டர் போட்டிருக்கு. காத்து போதல. உன் பக்கத்து கிரிலெல்லாம் திறக்கறியா?"

நாரிஸ் தொண்டையைச் செருமினார். அந்தக் குரல் ஓர்டெல் நினைவில் வைத்திருந்ததைவிடத் தணிந்திருந்தது.

"எனக்குக் குளிரல."

"உனக்காக இல்ல. ஹீட்டருக்கு. திறந்தா நல்லாருக்கும்."

"அதெல்லாம் வேணாம். இருக்கிறபடி இருக்கட்டும்."

ஓர்டெல் தலையாட்டினார். திரும்பினார். முதல் படியில் கால் வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது:

"ரெண்டு தடவ ஆச்சுல்ல. போ. எப்பவும் அதோட போயிடுவ."

ஏழாவது படியில் ஓர்டெல் நின்றார். கீழே சமையலறையில் வெர்லின் காலிக் கோப்பையை அலம்பும் ஓசை கேட்டது. அந்தக் காபியை எத்தனை தடவை கேட்டோம் என்று நினைத்தார். மூன்று. தபால்காரிக்கு மூன்று. பாதிரியாருக்கு மூன்று. எண்ணெய் வண்டி ஓட்டுகிறவனுக்குக்கூட மூன்று. நாரிஸ் சின்னப் பையனாக இருக்கும்போது அத்தை வீட்டில் கேக்கைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டே இரண்டு தடவை வேண்டாம் என்பான். மூன்றாவது தடவை கேட்பதற்குள் அவன் கை நீண்டிருக்கும். அவனுக்கு அந்த வழக்கம் தெரியாமலில்லை. தனக்கும் தெரியாமலில்லை.

தொழுவத்தில் அன்று இரண்டு தடவை கேட்டது நினைவிருந்தது. மூன்றாம் நாள் கேட்காததும் நினைவிருந்தது. அன்று நாரிஸ் கறவைக்கு அரைமணி முன்பாகவே வந்து, ஒன்றும் செய்யாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். ஓர்டெல் அவனைத் தாண்டி வீட்டுக்குள் போய் லாரிக்காரருக்குப் போன் போட்டார். தம்பிதானே, அவனிடம் என்ன சம்பிரதாயம் என்று அன்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டது இப்போது காதில் கேட்டது. அது பொய் என்பதும் தெரிந்தது. பதினொரு ஆண்டாகப் புரட்டிய அட்டைகளில் இந்த ஒன்று மட்டும் இல்லாமல் போனதற்கு வேறு யாரும் காரணமில்லை.

திரும்பி ஏழு படிகளும் ஏறினார். கதவு மூடப்படவில்லை; அதே ஒரு சாண்.

"பசுங்கள வெச்சுக்கணும்னு இருந்துச்சா உனக்கு?"

நாரிஸ் வெகுநேரம் கதவின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"தெரியும்," என்றார் ஓர்டெல். "அதான் கேக்கல."

கீழே விசிறி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கு அப்பவே முட்டி போயிடுச்சு," என்றார் நாரிஸ் கடைசியில்.

"ஆமா."

"எனக்கும் இப்ப போயிடுச்சு."

"படியில இறங்கறது கேக்கும்."

ஓர்டெல் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். இதைக் கேட்டு முடித்தால் வீடு நிலைக்கும், இல்லாவிட்டால் வடக்குக் கட்டடமும் தெற்குக் கட்டடமும்.

"அந்த கிரிலத் திறக்கறியா, நாரிஸ்?"

கதவு முழுவதும் திறந்தது. "அலமாரி கனம். ஒரு பக்கம் புடி."

அறைக்குள் போன ஓர்டெல் அலமாரியைத் தேடுவதற்கு முன் சுவரைப் பார்த்துவிட்டார். ஜன்னலைச் சுற்றி ஆணிகள்; ஒவ்வோர் ஆணியிலும் பசுவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பித்தளை எண் வில்லை. பக்கத்தில் பென்சிலால் பெயர். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. வில்லைகள் துடைத்துப் பளபளவென்று இருந்தன. இரண்டு கிழவர்களும் மூச்சு வாங்க அலமாரியை ஓரடி நகர்த்தினார்கள். அதன் பின்னால் சுவரின் அடியில் இருந்த கிரிலில் ஒரு பழைய தீவனச் சாக்கு மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. நடையில் மற்றொன்றிலும் அப்படியே. காற்று திரும்பும் பெரிய கிரிலின்மேல் ஒரு பலகை ஆணியடிக்கப்பட்டிருந்தது.

"ஏன் அடைச்ச?" என்றார் ஓர்டெல் சாக்கை உருவிக்கொண்டே. கோபமாக அல்ல, எந்தத் திருகாணி எங்கே என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

நாரிஸ் பலகையின் ஆணிகளைச் சுத்தியலின் பின்புறத்தால் பிடுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆணியைப் பிடுங்கிய பிறகு சொன்னார்:

"தெனம் அஞ்சரைக்கு எம்பேரச் சொல்லி மைனஸ் நாலு, மைனஸ் பத்துங்குற. இந்த வழியாத்தான் மேல வரும். பதில் சொல்லாம சாப்பாடு எறங்கல."

ஓர்டெல் சாக்கை நான்காக மடித்தார். பிரித்து, மறுபடி மடித்தார். அந்த வாக்கியத்தை யாரும் கேட்டிருக்கக்கூடும் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை என்ற நிச்சயத்தில்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

கிரில் வழியாக வெர்லினின் குரல் வந்தது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக இருந்தது.

"மேல என்ன பண்றீங்க? பத்து வருஷத் தூசியும் எந்தலையில கொட்டுது."

"பதினொண்ணு," என்றார் நாரிஸ் கிரிலைப் பார்த்து.

பிறகு, சுவிட்சைப் போடப்போகிறேன் என்று குரல் வந்தது. ஓர்டெல் குனிந்து கிரிலின்மேல் கையை வைத்தார். முதலில் தூசி வாசனையோடு குளிர்ந்த காற்று. பிறகு மெல்ல மெல்லச் சூடு. நாரிஸ் கையை வைக்கவில்லை. ஆனால் கால் பெருவிரலைக் காலுறையோடு அதன் ஓரத்தில் வைத்திருந்தார்.

ஐந்து நிமிடம் கழிந்தது. பத்தாயிற்று. டக் என்ற சத்தம் வரவில்லை. இருபதாவது நிமிடத்தில் ஓர்டெல் இறங்கிப் போனபோது, வெர்லின் இரண்டு வெப்பமானிகளையும் காட்டி, வித்தியாசம் நாற்பத்தெட்டு, இதைவிட நன்றாக இருக்க வேண்டியதில்லை என்றார். மாடியில் நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாசலில் நின்று பத்து நிமிடம் பனிப்பொழிவைப் பற்றிப் பேசினார். பிக்கப்பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஐந்து நிமிடம். உள்ளே ஏறிக் கண்ணாடியை இறக்கி இன்னும் ஐந்து நிமிடம். கிளம்பும்போது, "அப்ப சரி" என்றார். அப்ப சரி என்றார் ஓர்டெல்.

ஐந்தரைக்கு ஓர்டெல் ஒரு தட்டை மேசையில் வைத்தார். இன்னொரு தட்டை அலமாரியிலிருந்து எடுத்து, சிறிது நேரம் கையில் வைத்திருந்து, திரும்ப வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வழக்கமான வாக்கியம் வாயில் வந்து நின்றுவிட்டது. இப்போது அது போய்ச் சேரும் இடம் தெரியும். தெரிந்த பிறகு அதைச் சொல்வது, ஒரு கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு மைனஸ் பன்னண்டு, நாரிஸ்."

நாள்காட்டியில் எழுதினார். உட்கார்ந்தார். முள்கரண்டியை எடுத்தார். ஹீட்டர் ஓடும் மெல்லிய ஓசை தவிர வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டார்.

"பதினாலு," என்றது சுவரடியிலிருந்த கிரில்.

ஓர்டெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"உன்னோடது சமையலறைச் சூட்டுல பொய் சொல்லுது. இங்க வடக்கு ஜன்னல்ல பதினாலு."

அவர் எழுந்து, அழிரப்பரைத் தேடி எடுத்து, பன்னிரண்டை அழித்துவிட்டுப் பதினான்கு என்று எழுதினார். எழுதி முடித்ததை மேலே சொல்ல வேண்டுமா என்று யோசித்தார். சொல்லவில்லை. ஆறேகாலுக்கு எழுந்து தம் அறைக்குப் போனார். ஆறரைக்கு நாரிஸ் இறங்கி வரும் ஓசை கேட்டது.

வெள்ளிக்கிழமை சங்கத்தின் ஆள் வந்து, இரண்டு தடவை காபி மறுத்து, மூன்றாவதில் குடித்து, பெட்டியின்மேல் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். ஜனவரியில் மைனஸ் முப்பத்துமூன்று வந்தது, குழாய்கள் வெடிக்கவில்லை. மாவட்ட நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

நாரிஸ் சமையலறை மேசைக்கு வரவே இல்லை. ஓர்டெலும் கூப்பிடவில்லை, அதை எத்தனை தடவை கேட்க வேண்டியிருக்குமோ என்று அவருக்கு அச்சமாக இருந்தது. ஐந்தரைக்குக் கீழிருந்து ஓர் எண் போகும். மேலிருந்து ஓர் எண் வரும். அதைத் தவிர அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தக் குழாய் வழியே வேறு பேச்சு போனதில்லை. டிசம்பரிலிருந்து ஓர்டெல் அழிப்பதை நிறுத்திவிட்டார். புது ஆண்டின் நாள்காட்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் இருக்கின்றன. மேலே இருப்பது தம்பியுடையது.